‘ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசலையே...’ - ஆட்டிசம் சந்தேகம் வந்தால் காத்திருக்கலாமா?

“அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்.” “ஆம்பளப் பசங்கன்னா கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவாங்க.” “வசம்பை உரசி நாக்குல தடவுங்க, தானா பேச்சு வந்துடும்.”

இரண்டு வயதாகியும் பேசாத குழந்தை இருக்கும் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். பல குழந்தைகள் அவர்கள் சொன்னதுபோலவே சில மாதங்களில் பேசத் தொடங்கியும் விடுகிறார்கள். அப்படிப் பேசத் தொடங்காத குழந்தைகளுக்குத்தான், “பொறுத்துப் பார்க்கலாம்” என்ற வார்த்தை ஒன்றிரண்டு வருடங்களை விழுங்கிவிடுகிறது.

அனுபவமுள்ள நிபுணர் ஒருவரால் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிட முடியும். ஆனால், அமெரிக்காவிலேயே குழந்தைகளுக்கு ஆட்டிசம் உறுதிசெய்யப்படும் இடைநிலை வயது 47 மாதங்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி) 2025-ல் வெளியிட்ட அறிக்கை. அதாவது கிட்டத்தட்ட நான்கு வயது. இந்த இடைவெளியில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, யாரிடம் போகலாம்? பார்க்கலாம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சொல் இன்றைய பொருளில் பரவியது. மற்றவர்களோடு தொடர்புகொள்வதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றுக்கு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆகியவை இதன் பொதுவான தன்மைகள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையும் இருக்கும். குக்கர் விசில் அடித்தாலும் திரும்பிப் பார்க்காத குழந்தையும் இருக்கும். ‘ஸ்பெக்ட்ரம்’ என்று சொல்வது அதனால்தான். ஒரு குழந்தையைப்போல இன்னொரு குழந்தை இருக்காது.

2021-ம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆண் குழந்தைகளில் அதிகம் கண்டறியப்படுகிறது. ஆனால், பெண் குழந்தைகள் ‘கூச்ச சுபாவம்’ என்ற பெயரில் கவனிக்கப்படாமல் விடுபடுவதும் உண்டு.

காரணம் என்ன? பெரும்பங்கு மரபணுக்களுக்கு. முதல் குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. எனவே தம்பி, தங்கையின் வளர்ச்சியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

காரணம் இல்லாதவற்றையும் சொல்லிவிடுவோம். தடுப்பூசி காரணம் இல்லை. எம்.எம்.ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த, 2019-ல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

அம்மாவும் காரணம் இல்லை. ‘பாசம் காட்டாத அம்மாவால்தான் இப்படி’ என்று மேற்கத்திய மருத்துவர்களே 1950, 60-களில் நம்பினார்கள். அந்தக் கோட்பாடு எப்போதோ செத்துவிட்டது. ஆனால், “வேலைக்குப் போறா, புள்ளகிட்ட யாரு பேசுறது?” என்ற வடிவத்தில் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

செல்போன் பார்த்ததால் வந்ததா?

‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயரில் யூடியூபில் நிறைய வீடியோக்கள் உலவுகின்றன. மருத்துவ வகைப்பாட்டில் அப்படி ஒரு நோயறிதல் கிடையாது. அதற்காக போன் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். குழந்தை திரையில் இருக்கும் நேரம், மனிதர்களோடு இல்லாத நேரம். பிரச்சினை அதுதான். போனை நிறுத்திப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். நிறுத்துங்கள், கூடவே டாக்டரிடமும் போங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

பலரும் பேச்சு வருகிறதா என்பதை மட்டும் பார்க்கிறார்கள். பேச்சுக்கு முன்பே வர வேண்டியவை சில உண்டு. அவை வரவில்லை என்றால் அதுதான் முதல் மணி.

- 9 மாதம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகத்தில் சிரிப்பு, கோபம், வியப்பு தெரிவதில்லை.
- 12 மாதம்: ‘டாட்டா’ காட்டுவது போன்ற சைகைகள் இல்லை, கண்ணாமூச்சி மாதிரியான எளிய விளையாட்டுகளில் சேர்வதில்லை.
- 15 மாதம்: தனக்குப் பிடித்த பொருளைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டுவதில்லை.
- 18 மாதம்: “அதோ பாரு” என்று விரலால் சுட்டிக்காட்டுவதில்லை.
- 24 மாதம்: பக்கத்தில் ஒருவர் அழுதாலோ அடிபட்டாலோ கவனிப்பதில்லை.
- எந்த வயதிலும்: வந்த பேச்சோ, கற்ற பழக்கமோ நின்றுபோவது. இதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சுட்டிக்காட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவைக் காட்டி ‘வேணும்’ என்பது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தைக் காட்டிவிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. ஆட்டிசத்தில் பெரும்பாலும் தாமதமாவது இந்த இரண்டாவதுதான்.

பட்டியலில் ஒன்று பொருந்திவிட்டாலே ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று மட்டும் அர்த்தம்.

முதலில் யாரிடம் போவது?

முதல் பரிசோதனை காதுக்கு. கூப்பிட்டால் திரும்பாத, பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது. ‘பெரா’ போன்ற பரிசோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். “டிவி சத்தம் கேட்டா ஓடி வரானே” என்பது பரிசோதனை ஆகாது.

அடுத்து, குழந்தைகள் நல மருத்துவர். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பெற்றோரே பதில் சொல்லலாம், சில நிமிட வேலை. 18 மற்றும் 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் ஸ்கிரீனிங் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் டாக்டர் கேட்கவில்லை என்றால், தடுப்பூசிக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள்.

அரசு வழியும் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே) அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வரும். பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என நான்கையும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு (டி.இ.ஐ.சி) அனுப்புவார்கள். குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தில் இந்த மையம் எந்த மருத்துவமனையில் இயங்குகிறது என்று விசாரித்து நேரடியாகவே போகலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

முக்கியமான விஷயம்: பெயர் வைக்கும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ‘ஆட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா’ என்று தெரிவதற்கு முன்பே உதவியைத் தொடங்கலாம். ஆட்டிசம் இல்லை என்றே வந்தாலும் அந்தப் பயிற்சியால் குழந்தைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

ஆரம்பநிலைப் பயிற்சி என்றால் உண்மையில் என்ன?

தெரபி என்றதும் நமக்கு ஒரு காட்சி வருகிறது. பூட்டிய அறை, உள்ளே தெரபிஸ்ட்டும் குழந்தையும், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. 45 நிமிடம் கழித்துக் கதவு திறக்கும், “இன்னைக்கு நல்லா பண்ணினான்” என்று ஒரு வரி கிடைக்கும்.

ஆய்வுகள் காட்டும் திசை வேறு. இங்கிலாந்தில் ‘பேக்ட்’ என்ற முறை 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. இதில் பயிற்சி குழந்தைக்கு இல்லை, பெற்றோருக்கு. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களோடு சேர்ந்து பார்ப்பார்கள். “இந்த இடத்துல பாருங்க, அவன் ஒரு செகண்ட் உங்களைப் பார்த்தான். நீங்க கவனிக்கல” என்பதுபோல, கண்ணில் படாமல் போகும் சின்னச் சின்ன முயற்சிகளைக் காட்டிக் கொடுப்பார்கள். அடுத்த முறை பெற்றோர் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

பயிற்சி முடிந்து சுமார் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழந்தைகளை மீண்டும் பார்த்தார்கள். 2016-ல் வெளியான முடிவு இது: பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளில் 46 சதவீதத்தினர் தீவிர நிலையில் இருந்தனர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் அது 63 சதவீதம். மாயாஜாலம் இல்லை. ஆனால், நிலைத்து நின்ற மாற்றம்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கோவாவிலும், பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. அதே முறையை நம் ஊர்ச் சூழலுக்கு மாற்றி ‘பாஸ்’ என்று பெயரிட்டு 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல. இதற்கென்று பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கில் பேசுவது கூடியது, குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் வரவில்லை. ஆனாலும், நிபுணர்கள் இல்லாத ஊரிலும் இதைச் செய்ய முடியும் என்பதை அது காட்டியது. மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய குடும்பத்துக்கு இது பெரிய செய்தி.

வீட்டில் அது எப்படி இருக்கும்?

ஒரு குழந்தை சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்வோம்? “அதைப் பார்க்காத, இங்க வா, இது என்ன கலர் சொல்லு?” என்று இழுப்போம்.

மாற்றிச் செய்து பாருங்கள். நீங்களும் பக்கத்தில் போய், குழந்தையின் முகம் தெரியும்படி உட்காருங்கள். நீங்களும் ஃபேனைப் பாருங்கள். “சுத்துது... சுத்துது...” அவ்வளவுதான். ஸ்விட்சை அணையுங்கள். “நின்னுடுச்சு!” இப்போது எதுவும் பேசாமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். குழந்தை உங்களைப் பார்க்கலாம், கையைப் பிடித்து ஸ்விட்ச் பக்கம் இழுக்கலாம், ‘ம்’ என்று ஒரு சத்தம் வரலாம். எது வந்தாலும் அதுதான் பேச்சு. உடனே “போடணுமா? போடு!” என்று ஃபேனைப் போடுங்கள்.

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. குழந்தை விரும்பும் பொருளிலிருந்து தொடங்குவது. முகத்துக்கு நேரே இருப்பது. சின்னச் சின்ன வார்த்தைகளில் பேசுவது. காத்திருப்பது. கடைசி விஷயம்தான் கஷ்டம். நாம் கேள்வி கேட்டு, பதிலையும் நாமே சொல்லிப் பழகியவர்கள்.

இதற்குத் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. குளிக்க வைக்கும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்துவது, இட்லியை ஒரு விள்ளல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, சட்டை போடும்போது இரண்டைக் காட்டி “எது?” என்பது என எல்லாமே பயிற்சிதான்.

தமிழா, ஆங்கிலமா?

“குழம்பிடுவான், ஒரே மொழியில பேசுங்க, ஸ்கூலுக்கு இங்கிலீஷ்தான் வேணும்” என்று சொல்லப்பட்டு, தாத்தா பாட்டி பேசும் வார்த்தைகளையே குழந்தையிடமிருந்து பறித்துக்கொண்ட வீடுகள் உண்டு. இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, கோபப்பட வருமோ, கதை சொல்ல வருமோ, அதிலேயே பேசுங்கள்.

படம் காட்டிப் பேசும் அட்டைகள், செயலிகள் பற்றியும் இதேபோல ஒரு பயம் இருக்கிறது: “படத்தைக் காட்டப் பழகிட்டா வாயைத் திறக்க மாட்டானே?” ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வேண்டியதைச் சொல்ல ஒரு வழி கிடைத்தால் குழந்தையின் எரிச்சல் குறையும், சிலருக்கு அதுவே பேச்சுக்கும் துணையாகும். இந்த வகையில் உலகம் அறிந்த ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கிய இது தமிழிலும் பேசும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

பெற்றோரின் பணமும் நிம்மதியும் கரையும் கேள்வி இது. ‘வாரம் 40 மணி நேரம் கொடுத்தால்தான் பலன்’ என்ற எண்ணம் 1987-ல் இவார் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதில் 40 மணி நேரக் குழுவில் இருந்தவர்கள் 19 குழந்தைகள். அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவும் இல்லை. தவறு செய்தால் உரத்து அதட்டுவதும், சில சமயம் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன. அந்த வழிவந்த ‘ஏ.பி.ஏ’ முறை இன்று வெகுவாக மாறியிருக்கிறது. ஆனாலும், சிறு வயதில் அதற்கு உட்பட்ட பலர் பெரியவர்களாகி, ‘எங்களை நாங்களாக இருக்க விடவில்லை’ என்று சொல்லும் விமர்சனம் தீவிரமானது.

2024-ல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில், 9,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்ற 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதிக மணி நேரம் கொடுத்தால் அதிக பலன் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கடன் வாங்கி நாள் முழுக்க தெரபிக்கு அனுப்ப முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியில் இருக்கும் பெற்றோர் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். இரண்டரை வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கமும் மண் விளையாட்டும்கூடத் தேவைதான்.

மையத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேட்க வேண்டிய கேள்விகள்:

- பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ) பதிவு எண் இருக்கிறதா?
- பயிற்சியின்போது பெற்றோர் உள்ளே இருக்கலாமா? ‘கூடாது’ என்றால் ஏன்?
- அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்கு என்ன? எழுதித் தருவார்களா? ‘சொல்பேச்சு கேட்பான்’ என்பது இலக்கு ஆகாது. ‘தண்ணீர் வேண்டும் என்பதைச் சைகையாலோ படத்தாலோ சொல்லையாலோ கேட்பான்’ என்பது இலக்கு.
- வீட்டில் செய்ய என்ன கற்றுத் தருவார்கள்?
- குழந்தை அழுதால் என்ன செய்வார்கள்?

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. ‘100 சதவீதம் குணப்படுத்துகிறோம்’ என்ற போர்டு முதல் எச்சரிக்கை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி போடும் ‘கீலேஷன்’ சிகிச்சையின்போது 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஆக்ஸிஜன் அறைகளும் ஆட்டிசத்தை மாற்றாது.

அம்மா ஒருத்தி மட்டும்தானா?

ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு நடப்பது பெரும்பாலும் இதுதான்: அம்மா வேலையை விடுகிறார். அப்பா கூடுதல் வேலை பார்க்கிறார். கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா ஒவ்வொன்றாக நிற்கிறது. கூட்டமும் சத்தமும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஒரு காரணம். “இன்னும் பேசலையா?” என்ற கேள்வி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொரு காரணம்.

குடும்பத்தைத் தாங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கென உருவாக்கிய பயிற்சியில் 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் இருக்கின்றன. அதில் பெற்றோர் தங்களைப் பார்த்துக்கொள்வதும் ஒரு பாடம். சோர்ந்துபோன ஒருவரால் பத்து எண்ணும்வரை காத்திருக்க முடியாது.

எனவே, தெரபி மையத்துக்கு அப்பாவும் மாதம் ஒரு முறையாவது போக வேண்டும். தாத்தா பாட்டிக்கும் அந்த ஃபேன் விளையாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அண்ணன், அக்காவுக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரமாவது தனியாக இருக்க வேண்டும். உறவினர்கள் ஓர் உதவி செய்யலாம்: யோசனை சொல்வதற்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால், தள்ளிப்போடலாமா என்று யோசியுங்கள். தலையில் தண்ணீர், கத்தி, முன்பின் தெரியாதவரின் பிடி, சுற்றிலும் இரைச்சல் என எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் சில குழந்தைகளுக்கு அது தாங்க முடியாத வலி. சாமி காத்திருக்கும்.

அரசு என்ன தருகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அங்கீகரிக்கிறது. அடையாளச் சான்றுக்கு ‘இசா’ என்ற 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல் பயன்படுகிறது. “சர்டிபிகேட் வாங்கினா முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?” என்பது நியாயமான தயக்கம். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள்; பிறகு மறுமதிப்பீடு உண்டு. அதை வைத்துத்தான் மற்ற உதவிகளைக் கேட்க முடியும்.

- யு.டி.ஐ.டி அட்டை: நாடு முழுக்கச் செல்லும் அடையாள அட்டை.
- நிரமயா: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை. தெரபி செலவுக்கும் பயன்படுத்தலாம்.
- பராமரிப்பு உதவித்தொகை: தமிழ்நாடு அரசு தருவது. தகுதியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
- பள்ளி: அரசு மற்றும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அதே சட்டம்.

சட்டம் இருக்கும் இடத்துக்கும் பள்ளி வாசலுக்கும் தூரம் இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். நிராகரிக்கும் பள்ளியிடம் காரணத்தை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் ‘இல்லை’ பல சமயம் எழுத்தில் வருவதில்லை.

சரி, குணமாகுமா?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கடைசிக் கேள்வி. நேர்மையான பதில்: ஆட்டிசம் போய்விடாது. சில குழந்தைகள் கடகடவென்று பேசுவார்கள், சிலர் பேசாமலேயே எழுதுவார்கள், படம் காட்டுவார்கள், சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும். மூன்று வயதில் யாராலும் இதைக் கணித்துச் சொல்ல முடியாது. கணித்துச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

சீக்கிரம் தொடங்கும் உதவியின் நோக்கம், குழந்தையை அடுத்த வீட்டுக் குழந்தைபோல மாற்றுவது அல்ல. பசிக்கிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, இன்னொரு தடவை ஃபேன் போடு - இந்த நான்கையும் ஏதாவது ஒரு வழியில் சொல்லத் தெரிந்த குழந்தையின் நாள் வேறு, சொல்ல வழியில்லாத குழந்தையின் நாள் வேறு. அதற்கான வேலையைத் தொடங்க ரிப்போர்ட் வர வேண்டியதில்லை. காதுப் பரிசோதனைக்கு நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். இன்று சாயங்காலம், போனை வைத்துவிட்டு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.